கோடைக்கு வீடில்லாதவள்

மே மாதக் கடைசியில் எங்கள் வரோஷ் பேட்டையில் இரண்டு விதமான சத்தம் கேட்கும். ஒன்று, கோடை விடுமுறைக்கு வரும் விருந்தாளிகளின் சக்கரப் பெட்டிகள் கல் பாவிய சந்துகளில் கடகடவென்று ஏறிவரும் சத்தம். இன்னொன்று, குளிர்காலம் முழுக்கக் குடியிருந்தவர்கள் சட்டி பானைகளோடு இறங்கிப் போகும் சத்தம். முதல் சத்தத்தைப் பற்றி ஊரே பேசும். இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் துறைமுக ஊரான ஸ்ப்ளிட்டில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், விலைக்கு முன்னால் சொல்வதே “ஜூன் வரைக்கும்தான்” என்பதுதான். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். நர்சுகள், வாத்தியார்கள், காலேஜ் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே கதைதான். வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து காலை நீட்டி இளைப்பாற வேண்டுமென்றால், உள்ளூரில் யாராவது காலை மடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த யாராவதில் ஒருத்திதான் டோப்ரிலா.

எனக்கு அந்தச் சந்திலேயே பெண்களுக்கு முடி வெட்டும் கடை. அப்பா விட்டுப்போன இடம், அதனால்தான் நான் இன்னும் அங்கே இருக்கிறேன். எதிர் வீட்டின் நடு மாடியில், நீலக் கதவுக்குப் பின்னால், டோப்ரிலாவும் அவளுடைய அப்பாவும் பல வருஷங்களாகக் குளிர்காலக் குடித்தனக்காரர்கள். அவள் பாலர் பள்ளியில் சமையல்காரி. ஐம்பதைத் தாண்டியவள், அடுப்பு வெக்கையில் எப்போதும் சிவந்த முகம், எங்கேயோ நேரமாகிவிட்டது போன்ற நடை. கீரையைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகளை, உருளைக்கிழங்கோடு மசித்து ஏதோ செய்து, இன்னொரு கரண்டி கேட்க வைத்துவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “ஒருத்தன் கேட்டான். அவனும் ஜூன் வரைக்கும்தான்” என்பாள். என் கடையில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதைக் கேட்டு ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள்.

அவளுடைய அப்பா குஸ்மாவை நாங்கள் எல்லாரும் பார்பா குஸ்மா என்போம், பெரியப்பா என்கிற மாதிரி. தீவுகளுக்குப் போகும் கப்பலில், கார்கள் ஏறி இறங்கும் இரும்புப் பலகையில் நின்று கையைக் காட்டும் வேலை பார்த்தவர். அவர் கையை உயர்த்தினால் லாரி நிற்கும், விரலை மடக்கினால் பஸ் வரும். ஓய்வு பெற்ற பிறகும் நடைபாதையில் யாராவது இடித்துக்கொண்டு நின்றால் அவரை அறியாமல் அந்தக் கை எழும்பிவிடும். மனைவி போன பிறகு அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய ஆரம்பித்தது. என்ன கிழமை என்பது போயிற்று, பிறகு பிரதமர் யார் என்பது போயிற்று. அதில் ஒன்றும் நஷ்டமில்லை என்பாள் டோப்ரிலா. ஆனால் அந்த நீலக் கதவு மட்டும் போகவில்லை. ரொட்டி எந்த அலமாரியில் இருக்கும், தொப்பியை எந்த ஆணியில் மாட்ட வேண்டும், இரவில் எழுந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. ஞாபகம் போய்க்கொண்டிருந்த மனிதருக்கு அந்த வீடுதான் ஞாபகமாக இருந்தது.

கோடையில் இரண்டு பேரும் ஷோல்தா தீவுக்குப் போய்விடுவார்கள். டோப்ரிலா தினமும் கப்பல் பிடித்து வேலைக்கு வந்து போவது அந்தத் தீவிலிருந்துதான். அங்கே குஸ்மா பிறந்த வீடு இருந்தது. அதை அவருடைய அண்ணன் மகன் லூபோ வைத்திருந்தான். மேல்மாடி முழுக்க விருந்தாளிகளுக்கு. கீழே, ஒரு காலத்தில் ஒயின் பீப்பாய்கள் வைத்திருந்த நிலவறை இவர்களுக்கு. ஈரம் கசியும், எலி ஓடும், ஆனாலும் பிறந்த வீடு அல்லவா, இரண்டு மூன்று வாரத்தில் குஸ்மாவுக்குப் பழகிவிடும். பழகி முடிப்பதற்குள் செப்டம்பர் வந்துவிடும், மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும். அந்த வருஷம் ஈஸ்டர் விருந்துக்குப் போனபோது லூபோ ஆட்டுக்குட்டி வறுவலில் நல்ல துண்டாகப் பார்த்து டோப்ரிலாவின் தட்டில் வைத்தான். வைத்துவிட்டுச் சொன்னான்.

“டோப்ரி, நிலவறையையும் இந்த வருஷம் ரூமா மாத்திட்டேன். கல் சுவர்னா ஜெர்மன்காரங்க உயிரை விடறாங்க. செப்டம்பர் வரைக்கும் புக் ஆயிடுச்சு. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே.”

அவள் அந்தத் துண்டைத் தின்றாளாம். “என்ன பண்றது பெரீனாக்கா, கறி நல்லாத்தான் இருந்துச்சு” என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள். நான் லூபோவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, நான் திட்டி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

வீட்டுக்காரி யாஸ்னாவிடம் கேட்டுப் பார்த்தாள். இந்த ஒரு கோடை மட்டும், அப்பாவுக்காக, ஒரு அறையாவது என்று. யாஸ்னாவைத் திட்டலாம் என்றால் எனக்கு அதற்கும் வழியில்லை. கோடை வந்தால் அவளே மேல் மாடியில் தன் படுக்கையறையை வாடகைக்கு விட்டுவிட்டுச் சமையலறைப் பெஞ்சில் படுக்கிறவள். புருஷன் பக்கவாதத்தில் படுத்த நாளிலிருந்து வருஷத்துக்கான சாப்பாட்டை நாலு மாதத்தில் சம்பாதிக்கிற குடும்பம் அது. மாட்டேன் என்று சொல்லும்போது அவளும் அழுதாள், டோப்ரிலாவும் அழுதாள். அழுது முடித்துக் காபி குடித்தார்கள். பிறகு டோப்ரிலா தன் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள்.

வேறு இடம் தேடாமல் இல்லை. ஊருக்கு வெளியே, மலைக்குப் பின்னால், எல்லா இடத்திலும் கேட்டாள். கிழவரோடா என்று கேட்டுவிட்டு எல்லாரும் யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். கடைசியில் என் கடையின் பின்னறையில் இரண்டு மடக்குக் கட்டில்களைப் போட்டோம். சாய டப்பாக்களும் துவாலைகளும் வைக்கிற இடம். ஜன்னல் என்று பெயருக்கு ஒன்று, சுவரைப் பார்த்தபடி. முதல் நாள் காலையில் குஸ்மா எழுந்து, சாய வாடையை முகர்ந்துவிட்டு, எப்போது ஆபரேஷன் என்று கேட்டார்.

ஜூன் பாதியில் பாலர் பள்ளியில் வேலை குறைந்துவிட்டது. எல்லா வருஷமும் போல டோப்ரிலா கடற்கரை வீதியில் ஒரு உணவகத்தின் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். பகல் முழுக்கக் கணவாய் மீன் பொரித்தாக வேண்டும். அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒருநாள் ஒரு தலையில் பாதிச் சாயம் பூசியிருந்தேன், திரும்பினால் நாற்காலி காலி.

எங்கே போயிருப்பார் என்று தேட வேண்டியதே இல்லை. எதிர் வீட்டு நீலக் கதவு காற்றுக்காகத் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு டென்மார்க்குத் தம்பதி, பீப்பாய் போல இரண்டு பேர், தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பார்பா குஸ்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். அவருடைய ஆணியில் இப்போது லாவெண்டர் வயல் படம் ஒன்று தொங்கியது. அதன் மூலையில் தொப்பியை மாட்டிவிட்டு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து, கரண்டியால் மேஜையைத் தட்டிச் சூப் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் பாலாடைக்கட்டியை வெட்டி வைத்தார்கள், ஒயின் ஊற்றினார்கள். நான் மூச்சிரைக்க உள்ளே போனால் என்னையும் உட்காரச் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேரையும் வைத்துப் போட்டோ எடுத்தார்கள். என் கையில் கத்தரிக்கோல் இருந்தது, அதுவும் போட்டோவில் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க அவர் சாப்பாட்டு நேரத்துக்கு அங்கே போய்விடுவார், அவர்களும் தட்டு வைத்துக் காத்திருப்பார்கள். ஊருக்குப் போனதும் யாஸ்னாவின் வீட்டைப் பற்றி இணையத்தில் எழுதினார்கள். யாஸ்னா செல்போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். வீடு சுத்தம், கடல் பக்கம், எல்லாவற்றையும்விட அருமை அந்த வீட்டுப் பெரியவர், தினமும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், இவ்வளவு உண்மையான அனுபவம் வேறு எங்கும் கிடைக்காது என்று இருந்தது. அடுத்து வரப்போகிறவர்கள் இப்போதே கேட்கிறார்களாம், பெரியவர் எப்போது வருவார் என்று. யாஸ்னா செல்போனைப் பைக்குள் போட்டாள், மறுபடி எடுத்தாள்.

“தப்பா நினைக்காதே டோப்ரிலா. வாரத்துக்கு ரெண்டு தரம் அவரைச் சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்ப முடியுமா? அவருக்கும் ஒரு வேளை ஆச்சு.”

டோப்ரிலா சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள்.

“அனுப்பறேன். சாப்பிட்டு முடிச்சதும் அவர் அந்தக் கட்டில்லதான் போய்ப் படுப்பார். எழுப்பி எங்க அனுப்புவ?”

யாஸ்னா செல்போனை மறுபடி பைக்குள் போட்டாள். நல்ல பெண்தான் அவள். அன்றைக்கு மட்டும் அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல எனக்கு இருந்தது.

அடுத்து வந்தவர்கள் போலந்துக்காரர்கள். அந்த அம்மாள் குளித்துவிட்டுத் துவாலையோடு வெளியே வந்திருக்கிறாள், கட்டிலில் ஒரு கிழவர் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். அவள் போட்ட கூச்சல் மர்யான் மலை வரைக்கும் கேட்டிருக்கும். போலீஸ் வந்தது. வந்தவன் என்னிடம் முடி வெட்டிக்கொள்பவளின் மகன், பார்பாவைத் தெரிந்தவன். இந்தத் தடவை விட்டுவிடுகிறேன், அடுத்த தடவை கேஸ் எழுதத்தான் வேண்டியிருக்கும் என்று டோப்ரிலாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். குஸ்மா ஒற்றைச் சாக்ஸோடு நின்றுகொண்டு, அவன் ஏன் நம் வீட்டுக்குள் பூட்ஸோடு நிற்கிறான் என்று மகளைக் கேட்டார்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் சினிஷா வந்தான். பிராச் தீவுக்குப் போகும் கப்பலில் அவன் இப்போது மேஸ்திரி. அந்தக் காலத்தில் குஸ்மாவிடம் வேலை கற்றவன்.

“பார்பாவை எங்கிட்ட விடு. கப்பல்ல இருந்தா எங்க போயிடுவார்? சுத்திலும் தண்ணி” என்றான்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களை நினைத்தால் இப்போதும் என் மனசு கொஞ்சம் லேசாகிறது. காலையில் டோப்ரிலா அவரைக் கப்பலில் ஏற்றிவிட்டு உணவகத்துக்குப் போவாள், சாயங்காலம் இறக்கிக்கொள்வாள். நடுவில் அவர் பிராச்சுக்கும் ஸ்ப்ளிட்டுக்குமாகப் போய் வந்துகொண்டே இருப்பார். மேல்தட்டில் நிழலாக ஒரு பெஞ்சு, காபி, மத்தியானம் கப்பல் சமையலறையிலிருந்து ஒரு தட்டு. தீவு தீவாகச் சுற்றுகிற பிள்ளைகள் முதுகுப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கரை குளிக்க நல்லது என்று கேட்பார்கள். அவர் இத்தாலியனும் ஜெர்மனும் கலந்து என்னவோ சொல்வார், அவர்களும் தலையாட்டிக்கொள்வார்கள். முகம் கறுத்துப் பளபளவென்று ஆகிவிட்டது. இரவில் பின்னறையில் படுத்ததும் தூங்கிவிடுவார், எங்கே இருக்கிறோம் என்று கேட்கவே மாட்டார். சில நாள் மகளை அவள் அம்மாவின் பெயரால் கூப்பிட்டார், அதை அவள் திருத்தவில்லை. உணவகத்துச் சமையலறை ஜன்னலிலிருந்து துறைமுகம் தெரியும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்கி அந்த வெள்ளைக் கப்பலைப் பார்ப்பதாகச் சொன்னாள். அப்பா போகிறார், அப்பா வருகிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாளாம். நானே அவளிடம் சொன்னேன், இந்தக் கோடையை ஓட்டிவிடலாம் போலிருக்கிறது என்று. அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கவே கூடாது.

ஆகஸ்ட் நடுவில், மாதா திருநாளுக்கு முன்னால் வரும் சனிக்கிழமை துறைமுகம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கார் வரிசை ரயில் நிலையத்தைத் தாண்டி நிற்கும். உள்ளே குழந்தைகள் அழும், நாய்கள் குரைக்கும், கூரையில் கட்டிய படகுகள் வெயிலில் காயும். அன்றைக்குப் பார்த்துப் பலகையில் நிற்க வேண்டியவனுக்கு வயிற்றுப்போக்கு. ஆள் மாறுவதற்குள் கொஞ்ச நேரம் அந்த இடம் காலியாக இருந்திருக்கிறது. மேல்தட்டிலிருந்து அதைப் பார்த்த பார்பா குஸ்மா படியிறங்கி வந்துவிட்டார்.

அவர் வேலை பார்த்த காலத்துக் கப்பல்களுக்கு ஒரு பக்கம்தான் வாய். கார்கள் பின்னோக்கி ஏற வேண்டும், அப்போதுதான் தீவில் நேராக இறங்க முடியும். இப்போது இருக்கும் கப்பலுக்கு இரண்டு பக்கமும் வாய். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். அது அவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தது போய்விட்டது. முதல் காரை நிறுத்தித் திருப்பச் சொன்னார், பின்னோக்கி ஏறச் சொன்னார். அந்தக் கையை ஒரு தடவை பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆஸ்திரியாக்காரன் திருப்பினான். அவனைப் பார்த்து அடுத்தவன் திருப்பினான். பின்னால் கேரவன் இழுத்து வந்த ஹாலந்துக்காரன் வியர்க்க விறுவிறுக்கத் திருப்பப் பார்த்து, வண்டியும் கேரவனும் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக் குறுக்கே நின்றுவிட்டன. அவனுக்குப் பின்னால் இருந்த உள்ளூர்க்காரர்களாவது சும்மா இருந்திருக்கலாம். பழைய ஆட்கள், பார்பாவின் கையைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் அவர்களும் தங்கள் வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். துறைமுகம் முழுக்க ஹார்ன். ஒரு காரின் பக்கக் கண்ணாடி உடைந்தது, அதைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் பார்பா மட்டும் பதறாமல், நெஞ்சை நிமிர்த்தி, ஒருவருக்குப் பிறகு ஒருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். சினிஷா ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கியபோது, ஏன் தம்பி, கப்பல் போக நேரமாகிறதே என்றாராம்.

கப்பல் ரொம்பத் தாமதமாகக் கிளம்பியது. சாயங்காலம் சினிஷா கடைக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

“கேப்டன் பார்த்துட்டார். துறைமுகத்து ஆளுங்களும் பார்த்துட்டாங்க. வேலை போனா போகட்டும்னு சொல்ல எனக்கும் ஆசைதான் டோப்ரிலா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

டோப்ரிலா அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நீ செய்தது யாரும் செய்யாதது என்றாள். அவன் போன பிறகு கோப்பையைக் கழுவி, துடைத்து, மறுபடி கழுவினாள்.

மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போது பின்னறைக் கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனாள். வேறு என்ன செய்வாள்? என் கடையில் அப்போதுதான் கல்யாணக் கூட்டம். குஸ்மா உள்ளேயிருந்து தட்டுவார். உடைக்கிற மாதிரித் தட்ட மாட்டார், அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போல மரியாதையாக இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருப்பார். கொஞ்சம் கழித்து மறுபடியும் இரண்டு. என்னால் தாங்க முடியாமல் திறந்துவிடுவேன், திறந்தால் அவர் நேராக நீலக் கதவை நோக்கிக் கிளம்புவார். கூந்தலுக்குக் கிளிப்பு போட்ட மணப்பெண்ணை அப்படியே விட்டுவிட்டு நான் பின்னால் ஓடுவேன். ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து, நான் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இப்படி அழுததில்லை, அவ்வளவு அழுதேன்.

ஸ்ப்ளிட்டில் முதியோர் இல்லம் ஒன்றிலும் இடமில்லை. காத்திருப்பவர்கள் காத்திருந்தே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அப்போது வீஸ் தீவு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருப்பதாகச் சமூகநல அலுவலகத்துப் பெண் போன் செய்தாள். தற்காலிகம்தான், குளிர் வரும் வரைக்கும், ஆனால் நாளைக்குள் சொல்ல வேண்டும். டோப்ரிலா என்னைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லும் வாய் என்னுடையது. அன்றைக்கு நான் துவாலைகளை மடிக்க ஆரம்பித்தேன்.

மூன்று பேரும் போனோம். கப்பல் நிறைய விடுமுறைக் கூட்டம். முதுகு வெந்து சிவந்த பையன்களும் பெண்களும் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வந்தார்கள். பார்பா குஸ்மாவுக்கு ஒரே சந்தோஷம், வேலைக்குத் திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு கயிறாகத் தொட்டுப் பார்த்தார். இல்லத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளை விரிப்பு, அரளிப் பூ, முகம் பார்த்துப் பேசும் நர்சுகள், கப்பல் வந்து நிற்பது தெரிகிற மாதிரி முற்றத்தில் ஒரு பெஞ்சு. ஒரு குறையாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவரைத் திருப்பிக் கூட்டி வந்திருக்கலாமே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

டோப்ரிலாவுக்கு ஒரே பயம், அவர் யாருடனாவது போய்விடுவாரோ என்பதுதான். துறைமுகம் நாலு எட்டில் இருக்கிறது, விடுமுறைக்காரர்கள் நல்லவர்கள், கிழவர் ஒருவர் கேட்டால் கையைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அதனால் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“அப்பா, விருந்தாளிங்க போனதும், செப்டம்பர்ல, நான் வந்து உங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். அதுவரைக்கும் இங்கேயே இருங்க. வேற யார் வந்து கூப்பிட்டாலும் போகக்கூடாது. எவ்வளவு நல்லவங்களா தெரிஞ்சாலும் சரி.”

“செப்டம்பர்” என்றார் அவர். “வேற யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன்.”

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். கேப்டன் போட்ட உத்தரவை வாங்கிக்கொள்வது போல நிமிர்ந்து நின்று சொன்னார். அவர் அதை நன்றாகப் பிடித்துக்கொண்டார் என்று நர்சும் சொன்னாள், எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் கடைசி வரை உணவகத்தில் ஒருநாள்கூட லீவு இல்லை. டோப்ரிலா போன் செய்வாள். நர்சு போனை அவர் காதில் வைப்பாள், அவர் ஒன்றும் பேச மாட்டார், மூச்சு மட்டும் கேட்கும். சாப்பிடுகிறார், முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கப்பலையும் பார்க்கிறார், தொந்தரவே இல்லை என்று நர்சு சொல்வாள். தோட்டக்காரன் கடற்கரைக்கு நடந்துவரக் கூப்பிட்டால்கூட மாட்டேன் என்று சொல்லிவிடுகிறாராம்.

செப்டம்பர் வந்தது. கடைசி விருந்தாளிகள் போன அன்றைக்கே யாஸ்னா ஓடிவந்து சாவியைக் கொடுத்தாள், சுத்தம் செய்யவும் கூட நின்றாள். லாவெண்டர் படத்தைக் கழற்றி ஆணியைக் காலியாக்கினோம். கட்டிலைப் பழைய இடத்துக்கு இழுத்தோம், ரொட்டி அலமாரியில் ரொட்டி வைத்தோம். டோப்ரிலா விலாங்கு மீன் வாங்கி, அவருக்குப் பிடித்த மாதிரி ஒயின் விட்டுக் குழம்பு வைத்து மூடிவிட்டு வந்தாள். கப்பலில் காலியாகக் கிடந்த மேல்தட்டில் உட்கார்ந்து, இந்தத் தடவை மே மாதம் வருவதற்கு முன்பே வேறு ஏற்பாடு செய்துவிட வேண்டும், ஊருக்கு வெளியே இரண்டு அறை போதும், வருஷம் முழுக்க என்று பேசிக்கொண்டே வந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

அவர் பெஞ்சில் இருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார், சுத்தமான சட்டை. முடியை யாரோ கண்றாவியாக வெட்டியிருந்தார்கள், காதுக்கு மேல் படிக்கட்டு மாதிரி. வீட்டுக்குப் போனதும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். டோப்ரிலா ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

“அப்பா, கிளம்பலாம். விருந்தாளிங்க எல்லாம் போயாச்சு.”

அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்து வணக்கம் சொன்னார்.

“இல்லம்மா. நான் வர முடியாது. என் பொண்ணு செப்டம்பர்ல வரேன்னிருக்கா.”

“நான்தான்ப்பா. டோப்ரிலா. செப்டம்பர் வந்துடுச்சு.”

அவர் அவளை நன்றாகப் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, உதவி செய்ய விரும்புகிறவர் போலத்தான் பார்த்தார்.

“நல்லவங்களாத்தான் தெரியறீங்க. ஆனா வேற யார் கூப்பிட்டாலும் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. நான் போயிட்டா அவ வந்து தேடுவா.”

நான் பேசிப் பார்த்தேன். நீலக் கதவைச் சொன்னேன், ஆணியைச் சொன்னேன், குழம்பைச் சொன்னேன். குழம்பு என்றதும் எச்சில் விழுங்கினார், ஆனால் அசையவில்லை. டோப்ரிலா அவர் கையைப் பிடித்து மெல்ல எழுப்பப் பார்த்தாள். அவர் பெஞ்சின் இரும்பைப் பிடித்துக்கொண்டார். விரல் வெளுத்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த நர்சு, வேண்டாம், இழுக்காதீர்கள், பயந்துவிடுவார், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். எந்த நாள் என்று நான் கேட்டேன்.

டோப்ரிலா கையை விட்டாள். துறைமுகத்தில் நாங்கள் திரும்ப வேண்டிய கப்பல் ஹார்ன் அடித்தது. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள், பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. குஸ்மா அவளைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் மனசு கேட்காமல் பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டார்.

“கால் கடுக்க நிக்காதேம்மா, உக்காரு. என் பொண்ணு வந்துடுவா. வந்ததும் உன்னையும் வீட்டுல கொண்டு விடச் சொல்றேன்.”

அவள் உட்கார்ந்தாள். கப்பல் வந்து நின்றது, ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். அவர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். அவளும் அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.